முப்பது வருஷத்துக்குப் பின் ஒரு தேர்தல்

அகமத்நகர் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அங்குள்ள பழைய கோட்டைதான். 1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பண்டித ஜவஹர்லால் நேருவையும் காங்கிரஸ் காரியக் கமிட்டித் தலைவர்கள் பலரையும் வெள்ளைக்கார சர்க்கார் கொண்டுபோய் அடைத்து வைத்தது அந்தக் கோட்டையிலேதான். இந்திய நாட்டின் பூர்வ கதையை ஆராய்ந்து நேரு எழுதிய புகழ்பெற்ற நூல் பிறந்ததும் அங்கேதான். கோட்டைக்குப் பெயர் தந்த அந்த ஜில்லாவுக்கு 2024-ம் வருஷத்தில் அகில்யா நகர் என்று புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கோட்டையைப் பற்றி எழுத நான் பேனா எடுக்கவில்லை. அகமத்நகர்ப் பட்டணத்திலிருந்து சுமார் பத்து மைல் தூரத்தில் ஹிவரே பாஜார் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் ஜனத்தொகை. 2021-ம் வருஷம் ஜனவரி 15-ம் தேதி மகாராஷ்டிர ராஜ்யத்தின் ஆயிரக்கணக்கான கிராமங்களில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தபோது அந்தக் கிராமத்திலும் நடந்தது. மொத்தம் 7 ஸ்தானங்கள். நம் ஊர்ச் சந்தைக்கு ஒரு நாளில் வந்து போகிறவர்களைவிடக் குறைவான வோட்டர்கள். இதில் என்ன அதிசயம் என்று வாசகர்கள் கேட்கலாம்.

அதிசயம் இதுதான்: முப்பது வருஷ காலமாக அந்த ஊரில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் போட்டியே ஏற்பட்டதில்லை. ஊரார் ஒன்றுகூடிப் பேசி ஏகமனதாக அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்து விடுவார்கள். அந்த வழக்கம் 2021-ல் முதல் தடவையாகத் தவறிற்று. மறுபடியும் ஜனங்களின் வோட்டைக் கேட்டு நின்ற அபேட்சகர்களில் ஒருவர் ஸ்ரீ போபட்ராவ் பவார். முந்திய வருஷந்தான் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்திருந்தது. ராஜ்யங்களின் மந்திரிகளும் வெளிநாட்டு நிபுணர்களும் தேடி வந்து பாடம் கேட்கும் மனிதர், தம் சொந்த ஊரில், தம் அண்டை வீட்டுக்காரர்களின் முன்னிலையில், பரீட்சைக்கு உட்கார வேண்டியிருந்தது!

அந்தப் பரீட்சை எதற்காக, அதில் பணயமாக வைக்கப்பட்டது என்ன என்பதை அறிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

வறண்ட ஊர்

மேற்கு மலைத்தொடரின் மறைவில் கிடக்கும் பிரதேசம் அது. அரபிக் கடலிலிருந்து எழுந்து வரும் மேகங்கள் மலைக்கு அந்தப் பக்கத்திலேயே தங்கள் செல்வத்தைக் கொட்டிவிடும். இந்தப் பக்கம் மிச்சமாக வந்து சேருவது வருஷத்துக்கு ஏறக்குறைய 16 அங்குல மழை. அதாவது 400 மில்லிமீட்டர். பூமியோ கருங்கல் பாறையின் மேல் மெல்லிய மண் போர்த்தது. பாறையின் வெடிப்புகளில் தங்குகிற நீர்தான் கிணற்று நீர்.

முன்னொரு காலத்தில் அந்த ஊர் மல்யுத்த வீரர்களுக்குப் பேர் போனது. 1972-ம் வருஷத்தில் மகாராஷ்டிரத்தைப் பிடித்து உலுக்கிய பெரும் வறட்சிக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. குன்றுகளில் இருந்த மரங்களை வெட்டி விற்றார்கள். மரம் போன பிறகு மண் போயிற்று. மண் போன பிறகு கிணறு போயிற்று. கிணறு போன பிறகு மனிதர்களும் போனார்கள். பம்பாய்க்கும் பூனாவுக்கும் கூலி வேலைக்குக் குடும்பம் குடும்பமாக மூட்டை கட்டினார்கள். ஊரில் எஞ்சியிருந்தவர்களின் முக்கிய கைத்தொழில் சாராயம் காய்ச்சுவது என்று ஆகிவிட்டது. குடியும் அடிதடியும் நித்திய நிகழ்ச்சிகள். சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தண்டிக்க வேண்டுமென்றால் அந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று சொல்வதுண்டு. உபாத்தியாயர் தொழிலில் இருக்கும் எனக்கு, அந்தத் தண்டனையைப் பெற்றவர்களில் என் இனத்தாரும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது கொஞ்சம் வருத்தந்தான்.

ஒரு வருஷத் தவணை

1989-ம் வருஷக் கடைசியில் அந்த ஊர் இளைஞர்கள் சிலர், ஊர் நிர்வாகத்தைத் தங்களிடம் விட்டுப் பார்க்கும்படி பெரியவர்களைக் கேட்டார்களாம். பெரியவர்கள் யோசித்து, "ஒரு வருஷம் பார்க்கலாம்" என்று தவணை கொடுத்ததாகச் சொல்லுகிறார்கள். ஊரிலேயே எம்.காம். வரை படித்தவர் ஒருவர்தான். அவரே போபட்ராவ் பவார். கிரிக்கெட் ஆட்டத்தில் பிரியமுள்ளவர். பையன் பட்டணத்தில் நல்ல உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பதுதான் வீட்டாரின் ஆசை. நம் வீட்டுப் பிள்ளை பட்டப் படிப்பை முடித்துவிட்டுப் பஞ்சாயத்து வேலை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் நாம் என்ன சொல்லுவோமோ, அதையே அவர்களும் சொல்லியிருப்பார்கள்!

ஆனாலும் அவர் சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். ஒரு வருஷத் தவணை முடிந்ததும் ஊரார் கணக்குப் பார்த்தார்கள். நம்பிக்கை பிறந்தது. அதன் பிறகு ஐந்து வருஷம் கொடுத்தார்கள். பின்னும் ஐந்து, பின்னும் ஐந்து என்று அது வளர்ந்தது. தலைவர் பதவி சில வகுப்பாருக்கும் பெண்களுக்கும் சுழற்சி முறையில் ஒதுக்கப்படுவதால் ஒருவரே என்றைக்கும் தலைவராக இருக்க முடியாது. பவாரும் உப தலைவராகச் சில காலம் இருந்து வேலை பார்த்திருக்கிறார். பதவியின் பெயர் மாறிற்று, வேலை மாறவில்லை.

மழையைப் பிடித்து நிறுத்தியது

அவர்கள் செய்த வேலையில் மாயம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடும் கணக்குதான். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய ஒரு லக்ஷம் லிட்டர் தண்ணீர். ஊரைச் சேர்ந்த நிலம் சுமார் 2,500 ஏக்கர் என்று வைத்துக்கொண்டு, 16 அங்குல மழையால் பெருக்கிப் பாருங்கள். 400 கோடி லிட்டர் வருகிறது. வானம் இவ்வளவையும் கொடுத்தும் ஊர் வறண்டு கிடந்ததென்றால், கொடுத்ததை வாங்கிக்கொள்ள ஊருக்குக் கை இல்லை என்றுதானே அர்த்தம்? வழுக்கைக் குன்றின் மேல் விழுந்த மழை ஓட்டமாக ஓடி, மண்ணையும் வாரிக்கொண்டு, ஓடையில் விழுந்து மறைந்துவிட்டது.

ஆகவே ஓடுகிற தண்ணீரை நடக்க வைத்தார்கள். நடக்கிற தண்ணீரை நிற்க வைத்தார்கள். நிற்கிற தண்ணீரைப் பூமிக்குள் இறங்க வைத்தார்கள். குன்றின் சரிவில் ஒரே மட்டத்தில் வரிவரியாக அகழிகள் வெட்டப்பட்டன. அவற்றின் கரைகளில் மரக்கன்றுகள் நட்டார்கள். ஓடைகளின் குறுக்கே கல் அணைகளும் மண் அணைகளும் கட்டப்பட்டன. கசிவுக் குட்டைகள் தோண்டப்பட்டன. வன இலாகாவின் உதவியுடன் ஊரைச் சுற்றியிருந்த காட்டு நிலத்தில் மறுபடி மரம் வளர்த்தார்கள். 1990-களின் மத்தியில், ஆதர்ச கிராமத் திட்டத்தின் கீழ் ராஜ்ய சர்க்கார் அந்த ஊரை எடுத்துக்கொண்டது. 1,000 ஹெக்டேர் நிலத்தைச் சீர் செய்ய ஆன செலவு 42 லக்ஷம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 1,700 ரூபாய்கூட ஆகவில்லை.

பணம் சர்க்காருடையது, உழைப்பில் ஒரு பங்கு ஊராருடையது. சிரமதானம் என்று அதற்குப் பெயர். உதவி பெறுகிற ஊர் சில விரதங்களை ஏற்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. மரம் வெட்டலாகாது, கால்நடைகளைக் குன்றில் அவிழ்த்து விடலாகாது, குடி கூடாது, குடும்பத்தை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், பொது வேலைக்கு உடலுழைப்புத் தர வேண்டும். இந்த ஐந்து விரதங்களுக்கும் வழிகாட்டி அதே ஜில்லாவிலுள்ள ராலேகான் சித்தி என்ற கிராமம்.

பலன் என்ன? புல்லிலிருந்து ஆரம்பிப்போம். மாடுகளை அவிழ்த்து விடாமல், வேண்டியவர்கள் அரிவாள் கொண்டு அறுத்துப்போவது என்று ஏற்பட்ட பிறகு, 2000-ல் 100 டன்னாக இருந்த புல் விளைச்சல் 2004-ல் 6,000 டன் ஆயிற்று. புல் வந்ததும் மாடு வந்தது. மாடு வந்ததும் பால் வந்தது. நாளொன்றுக்கு 150 லிட்டர் பால் கறந்த ஊர் 2,000 லிட்டருக்கு மேல் கறந்தது. 1995-ல் ஊரிலிருந்த சுமார் 180 குடும்பங்களில் 168 வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 1998-ல் எடுத்த கணக்கில் அது 53 ஆகக் குறைந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் மூன்றே குடும்பங்கள் என்றாயிற்று. பட்டணத்துக்குப் போனவர்களில் பல குடும்பங்கள் திரும்பி வந்தன. பட்டணத்துக்குப் போகிற ரயிலை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, திரும்பி வருகிற மூட்டை முடிச்சுகளை எண்ணிப் பார்ப்பதே ஓர் ஆனந்தம்.

தண்ணீருக்கு வரவு செலவு

இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் இத்தனை விஸ்தாரமாக எழுத மாட்டேன். ஏரி வெட்டிய ஊர்களும் மரம் நட்ட ஊர்களும் இந்தியாவில் எத்தனையோ உண்டு. தண்ணீர் வந்த பிறகு அந்த ஊர் என்ன செய்தது என்பதுதான் விசேஷம்.

தண்ணீர் வந்தவுடன் சாதாரணமாக நாம் செய்வது கரும்பு போடுவது. பக்கத்து நிலத்துக்காரர் நூறு அடி ஆழத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு இறக்கினால் நாம் இருநூறு அடி இறக்குகிறோம். அவர் முந்நூறுக்குப் போகிறார். இந்தப் பந்தயத்தில் கடைசியில் ஜெயிப்பது பாறைதான். ஹிவரே பாஜாரில் கிராம சபை கூடி ஒரு தீர்மானம் செய்தது: விவசாயத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு கூடாது, கரும்பும் வாழையும் போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர்கள் கூடாது. திறந்த கிணற்றில் ஊறுகிற நீரைக் கொண்டே பயிர் செய்ய வேண்டும்.

2004-ம் வருஷம் முதல் இன்னொரு பழக்கமும் ஏற்பட்டது. மழைக் காலம் முடிந்ததும் பெய்த மழையை அளந்து, கிணறுகளின் நீர்மட்டத்தைப் பார்த்து, ஊரின் தண்ணீர் வரவு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிநீர். அதற்குப் பின் மிஞ்சுவதைப் பொறுத்துப் பயிர். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் இன்ன பயிர், குறைந்த வருஷத்தில் இன்ன பயிர் என்று சபையில் முடிவாகிறது. நம் வீட்டில் மாதச் சம்பளம் வந்தவுடன் அரிசிக்கு இவ்வளவு, பால்காரனுக்கு இவ்வளவு என்று இல்லத்தரசி பிரித்து வைப்பதில்லையா? அதே காரியந்தான்.

இந்த இடத்தில் தஞ்சாவூரில் பிறந்த பெரியார் ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். 1892-ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, லண்டனில் கணக்குப் பரிசோதனைப் பரீட்சை கொடுத்துத் தேர்ந்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தியவர். பின்னர் காந்தி மகானைச் சேர்ந்து, கதர் உடுத்து, கிராமக் கைத்தொழில்களுக்கே தம் வாழ்நாளைத் தத்தம் செய்தார். 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபடி, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1945-ல் வெளிவந்தது. பூமிக்குள் சேமித்து வைத்ததைச் சுரண்டி வாழ்வது ஒரு வகை. ஆண்டுதோறும் வருவதைக் கொண்டு வாழ்வது மற்றொரு வகை. முன்னது அழியும், பின்னது நிலைக்கும் என்பது அவர் நமக்கு வற்புறுத்திய பாடம். ஆழ்குழாய்க் கிணறு முதல் வகை. திறந்த கிணறு இரண்டாம் வகை. மராத்தி கிராமம் ஒன்று தண்ணீருக்கு ஆடிட் போடுவதை அந்தத் தமிழ் ஆடிட்டர் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

பணயம் என்ன?

இப்போது 2021-ம் வருஷத்துத் தேர்தலுக்கு வருவோம்.

கட்டிய அணையை எந்தத் தேர்தலும் இடித்துவிடாது. நட்ட மரமும் நாளைக்கே விழுந்துவிடாது. ஆனால் ஆழ்குழாய்க் கிணறு கூடாது, கரும்பு கூடாது என்ற கட்டுப்பாடு கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியதல்ல. ஊராரின் சம்மதத்தால் மட்டுமே கட்டப்பட்டது. "ஒரே ஒரு கிணறுதானே, போகட்டும்" என்று கண்ணை மூடிக்கொள்ளுகிற பஞ்சாயத்து ஒன்று வந்தால் போதும். ஒருவனுக்குக் கொடுத்ததை மற்றொருவனுக்கு மறுக்க முடியாது. முப்பது வருஷம் சொட்டுச் சொட்டாக இறங்கிய நீரைச் சில வருஷங்களில் உறிஞ்சிவிடலாம். அதனால் ஹிவரே பாஜாரில் நடக்கிற ஒவ்வொரு தேர்தலிலும் வோட்டுக்கு வருவது அபேட்சகர் மட்டுமல்ல. பூமிக்கு அடியிலுள்ள தண்ணீரும் வோட்டுக்கு வருகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2021-ல் முதல் வோட்டுப் போட்ட பதினெட்டு வயது இளைஞன் 2003-க்குச் சற்று முன்பின்னாகப் பிறந்தவன். வறண்ட கிணற்றை அவன் பார்த்ததில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல் கணக்கில் நடந்த தாயாரையும் பார்த்ததில்லை. பாட்டி சொல்லக் கேட்டிருப்பான். கண்ணெதிரே தண்ணீர் நிற்கிறது. நல்ல விலைக்குப் போகும் பயிரைப் போடக் கூடாது என்கிறார்கள். "ஏன் கூடாது?" என்று அவன் கேட்பது இயல்புதானே? கஷ்ட காலத்தில் கட்டுப்பாட்டை ஏற்படுத்துவது எளிது. சுக காலத்தில் அதைக் காப்பாற்றுவதே கடினம். ஒரு நற்காரியம் எவ்வளவுக்கெவ்வளவு ஜெயிக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அதன் அவசியம் ஜனங்களுக்கு மறந்துபோகிறது. மறுபடி தேர்தலுக்கு நிற்கும் நல்ல ஊழியருக்கு இதைவிடப் பெரிய எதிரி வேண்டியதில்லை.

ஏகமனதாக நடந்துவந்த ஊரில் போட்டி வந்தது மாசு என்று சிலர் வருந்தக்கூடும். என் அபிப்பிராயம் வேறு. முப்பது வருஷத்து ஏகமனதில் எத்தனை மனம் உண்மையாக இசைந்தது, எத்தனை மனம் வாய் திறக்காமல் இருந்தது என்பதை யார் கண்டார்? வகுப்பில் "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது ஸார்" என்ற கோஷம் எழும். புரிந்ததா என்பது பரீட்சைத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியும். ரகசிய வோட்டு அப்படிப்பட்ட பரீட்சைத் தாள். அதில் பயமில்லை, முகதாட்சண்யம் இல்லை.

அந்த ஊர் ஒழுங்குகளில் எல்லாமே கேள்விக்கு அப்பாற்பட்டவை என்றும் நான் சொல்ல மாட்டேன். வெளியூராருக்கு நிலம் விற்கக் கூடாது என்கிறார்கள். கலியாணத்துக்கு முன் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் தனி மனிதனின் வாசற்படியை ஊர் எவ்வளவு தூரம் தாண்டி உள்ளே வரலாம் என்பது பெரிய கேள்வி. இதே ஊர்தான் தன்னிடமுள்ள ஒரே ஒரு முஸ்லிம் குடும்பத்துக்காக மசூதி கட்டிக் கொடுத்தது என்பதையும் மறக்கலாகாது. இப்படிப்பட்ட விஷயங்களில் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்ல இடம் வேண்டும். அந்த இடந்தான் தேர்தல்.

தீர்ப்பு

ஜனவரி 18-ம் தேதி வோட்டுகள் எண்ணப்பட்டன. பவாரின் அணி 7 ஸ்தானங்களையும் கைப்பற்றியது. ஹிவரே பாஜாரின் ஜனங்கள், இம்முறை வாயால் அல்ல, விரலால் தங்கள் சம்மதத்தைத் தெரிவித்தார்கள்.

அன்றைய தினமே மகாராஷ்டிரத்தின் மற்றொரு மூலையிலிருந்து வேறொரு செய்தியும் வந்தது. ஔரங்காபாத்துக்கு அருகே பாடோதா என்று ஒரு கிராமம். சுத்தத்துக்கும் தண்ணீர் வசதிக்கும் பரிசுகள் பல வாங்கிய ஊர். அந்த முன்னேற்றத்துக்குக் காரணமான பாஸ்கர்ராவ் பேரே பாட்டீல் பல வருஷங்கள் பஞ்சாயத்தை நடத்தியவர். இம்முறை அவர் போட்டியிடவில்லை. அவருடைய மகள் போட்டியிட்டார். ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதைக் கேட்டு "நன்றி கெட்ட ஜனங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகப்பனார் செய்த நற்பணி மகளுக்கு ஆஸ்தியாக வந்து சேராது என்பது ஜனநாயகத்தின் குற்றமல்ல, அதன் அழகு. ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. நல்ல காரியம் ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருந்தால் அவர் விலகும் நாளில் அதன் கதி என்ன? ஹிவரே பாஜாரும் ஒரு நாள் பவார் இல்லாத தேர்தலைச் சந்திக்க வேண்டும். அன்றைக்கும் மழை அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டுப் பயிர் போடுகிற பழக்கம் ஊராரிடம் இருந்தால், அதுதான் அவருடைய மெய்யான வெற்றி.

நம் அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் அமுலுக்கு வந்ததிலிருந்து, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து வருஷம். வேப்பங்கன்று நிழல் தருவதற்கு ஐந்து வருஷம் போதாது. ஓடை அணையின் பலன் கிணற்றில் தெரியவும், கிணற்றின் பலன் அடுப்பில் தெரியவும் அதைவிட அதிக காலம் ஆகலாம். ஐந்து வருஷத்துக்குள் பளபளப்பாகக் காட்டக்கூடியவை சிமெண்டு வளைவும் திறப்பு விழாக் கல்லுமே. ஆகையால் அடுத்த தடவை வோட்டுக் கேட்டு யாராவது நம் வாசலுக்கு வந்தால், "என்ன கட்டினீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடக் கூடாது. "நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? நீங்கள் பதவிக்கு வந்த அன்று எத்தனை அடியில் இருந்தது?" என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவரிடம் கணக்கு இருக்க வேண்டும். கேட்க நம்மிடம் கவலை இருக்க வேண்டும்.

ஹிவரே பாஜாரில் அந்தக் கேள்விக்கு விடை அளவுக் கோலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்க் கிணற்றில் கயிற்றை விட்டுப் பார்க்க நமக்கு எந்தத் தேர்தலும் வர வேண்டியதில்லை.